கணக்கும் குறிப்பும் ஒரே கோப்பில்

திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனிக்கு 5,000 டி-ஷர்ட் ஆர்டர் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். உடம்பு நீளமும் கை நீளமும் தையலுக்கான இடமும் சேர்த்து 106 செ.மீ., அரை மார்பு 54 செ.மீ. முன்னும் பின்னுமாக இரண்டால் பெருக்கி, துணியின் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) ஆன 160-ஆல் பெருக்கி, 10,000-ஆல் வகுத்தால் பீஸுக்கு 183 கிராம். பத்து சதவீதம் வேஸ்டேஜ் சேர்த்தால் மொத்தம் 1,007 கிலோ துணி. பையர் 180 ஜிஎஸ்எம் வேண்டும் என்கிறார். அது 1,133 கிலோ. எக்செல்லில் எண்ணை மாற்றியாகிவிட்டது. நிட்டிங்குக்குப் போகும் குறிப்பில் பழைய எண்ணே நிற்கிறது. 126 கிலோ துணி குறையும்.

நிரல் எழுதுவோருக்கும் இதே தொல்லைதான். நிரல் மாறும், விளக்கம் மாறாது. அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்டு க்னூத், இரண்டையும் ஒரே கோப்பில் எழுதும் முறையை 1984-ல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். அவருடைய கருவித்தொகுப்பின் பெயர் வெப். அதில் 'வீவ்' மனிதர் படிக்கும் பக்கங்களை நெய்து தரும். 'டேங்கிள்' அதே கோப்பிலிருந்து இயந்திரத்துக்கு வேண்டிய நிரலை எடுத்துத் தரும். அவர் எழுதிய டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளின் முழு நிரலும் இப்படித்தான் 1986-ல் புத்தகமாக வந்தது. நிரலை உட்கார்ந்து வாசிக்கலாம் என்று காட்டியதே பெரிய காரியம் என்பேன்.

நெசவிலிருந்து பின்னலுக்கும் இந்தப் பெயர்கள் வந்துவிட்டன. புள்ளியியலுக்கான ஆர் மொழியில் முதலில் 'ஸ்வீவ்' வந்தது. அதன் வழியில் யீஹ்வே ஷியெ உருவாக்கியது 'நிட்டர்'. ஆர் மொழியில் எழுத உதவும் ஆர்ஸ்டுடியோ மென்பொருளில் 'நிட்' பொத்தானின் மேல் நூல்பந்தும் ஊசியும் இருக்கும். திருப்பூர்க்காரருக்கு விளக்கவே வேண்டாம்.

நிட்டரில் குறிப்பை வழக்கம்போல் தமிழிலேயே எழுதலாம். கிலோ வரவேண்டிய இடத்தில் மட்டும் எண்ணுக்குப் பதில் சூத்திரம் இருக்கும். ஜிஎஸ்எம்மை ஓரிடத்தில் 180 ஆக்கி மறுபடி நிட் செய்தால், வாக்கியத்துக்குள் இருக்கும் 1,007 தானே 1,133 ஆகிவிடும்.

இன்று பைத்தான் மொழி படிப்பவர்கள் அதிகம் பழகுவது, குறிப்பையும் நிரலையும் கட்டம் கட்டமாக ஒரே கோப்பில் வைக்கும் ஜூபிட்டர். ஜூலியா, பைத்தான், ஆர் மொழிகள் மூன்றும் ஒளிந்திருக்கும் பெயர் அது. ஆனால் அதில் கட்டங்களை எந்த வரிசையிலும் இயக்க முடியும். மேலே 180 என்று திருத்திவிட்டு, கீழே கணக்குக் கட்டத்தை இயக்க மறந்தால் பழைய கிலோதான் நிற்கும். அதனால் குறிப்பை அனுப்பும் முன் எல்லாவற்றையும் நிறுத்தி, மேலிருந்து கீழ்வரை புதிதாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.