உங்களுக்குத் தெரியுமா? போனும் படிப்பும்

● இணைய வசதியை மக்களின் அடிப்படை உரிமையாக 2017-லேயே அறிவித்த மாநிலம் கேரளா. 2023 ஜூன் 5-ல் தொடங்கிய கே-ஃபோன் திட்டத்தில் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு தருவது இலக்கு.

● ஆனால் 2017 அறிவிப்புக்குப் பிறகும், 2021 கொரோனா காலத்தில், மூணாறு ராஜமலைத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்குச் சிக்னல் தேடிக் கிலோமீட்டர் கணக்கில் போனார்கள். இரவிகுளம் தேசியப் பூங்காப் பக்கம், குளிரிலும் மழையிலும் சாலையோரத்தில் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள்.

● கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி விடுதி ஒன்றில் மாலை 6 முதல் இரவு 10 வரை போனுக்குத் தடை இருந்தது. ஏற்க மறுத்த மாணவி வெளியேற்றப்பட்டார். இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையில் அடங்கும் என்று 2019-ல் தீர்ப்பளித்த கேரள உயர் நீதிமன்ற நீதிபதி பி.வி.ஆஷா, அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டார்.

● எர்ணாகுளம் ரயில் நிலையத்தில் போர்ட்டராக இருந்த மூணாறு இளைஞர் ஒருவர், நிலையத்தின் இலவச வைஃபையில் பாடங்களை இறக்கிக்கொண்டார். தலையில் பெட்டி, காதில் இயர்போன்! 2018-ல் கேரள பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வில் தேறினார்.

● அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் 1,839 பேரிடம் நடந்த ஆய்வு 2012-ல் வெளியானது. ஃபேஸ்புக்கில் தகவல் தேடிப் பகிர்ந்தவர்களின் மதிப்பெண் கூடுதலாகவும், ஸ்டேட்டஸ் போட்டு அரட்டையில் மூழ்கியவர்களின் மதிப்பெண் குறைவாகவும் இருந்தது.

● வகுப்பில் லேப்டாப்பில் வேறு வேலை பார்த்த மாணவர்களின் மதிப்பெண் 11 சதவீதம் சரிந்தது. அந்தத் திரை கண்ணில் பட்டபடி உட்கார்ந்திருந்தவர்களுக்கோ 17 சதவீதம்! 2013-ல் வெளியான கனடா ஆய்வு இது. நாம் ரீல்ஸ் பார்த்தால் பின்பெஞ்சுக்காரரின் படிப்பும் கெடும்.

● சைலன்ட்டில் போட்டு மேசையில் கவிழ்த்து வைத்தாலும் போன் கவனத்தை இழுக்கிறது. சுமார் 800 பேரை வைத்து டெக்சாஸ் பல்கலைக்கழகம் செய்த ஆய்வில் (2017), போனை வேறு அறையில் விட்டு வந்தவர்களே சோதனைகளில் முந்தினார்கள்.

● பாலக்காட்டுச் சித்தூரிலும் மூணாறிலும் அரசுக் கல்லூரிகளில் பி.ஏ. தமிழ் படிக்கலாம். பாடத்துக்கு வேண்டிய பழைய தமிழ் நூல்கள் பலவும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இலவசம். தோட்டத்து லயத்தில் இருந்தாலும் எல்லையோரக் கிராமத்தில் இருந்தாலும் அந்த நூலகம் உங்கள் போனுக்குள்தான். இன்றே ஒரு நூலை இறக்குங்கள். குறிப்பெடுத்து முடித்ததும் போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படியுங்கள்.