ஜே. ஜே. கேல் என்னும் அமெரிக்கப் பாடகர்

தமிழில் 'இசை' என்னும் சொல் பாட்டையும் குறிக்கும், புகழையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அமைந்திருப்பது பொருத்தமே. பாட வல்லார்க்குப் புகழ் தானே வந்து சேரும் என்பதன்றோ உலகத்தார் எண்ணம்? ஆயினும், முதற்பொருளை வாழ்நாள் முழுதும் பேணி வளர்த்து, இரண்டாம் பொருள் தம்மை நாடி வந்தபோதெல்லாம் கதவைச் சார்த்திக்கொண்ட ஒருவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழ்ந்தார். ஜே. ஜே. கேல் என்பது அவர் பெயர். அவர் இயற்றிய பாடல்களைக் கேட்டோர் எண்ணிறந்தோர். அவற்றை இயற்றியவர் அவரே என அறிந்தோர் மிகச் சிலர். அவருடைய இசைத்தட்டுக்களின் தன்மையையும், அவை பிற பாடகரைத் தம்பால் ஈர்த்த வகையையும் நம் கல்லூரி அன்பர்களுக்கு ஒருவாறு விளக்க முயல்வேன்.

கேல் 1938ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5ஆம் நாள் ஒக்லஹோமா நகரில் பிறந்து, அதே மாகாணத்துள்ள டல்ஸா என்னும் ஊரில் வளர்ந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜான் வெல்டன் கேல். டல்ஸா பல திறத்து இசைகளும் வந்து கலக்கும் இடமாக விளங்கியது. வெள்ளையருடைய நாட்டுப்புறப் பாடல்களை நடனத்திற்கேற்ற விரைவோடு வாசித்த பாப் வில்ஸ் என்பாரின் குழு, கேல் பிறப்பதற்கு முன்னரே அவ்வூரைத் தன் இருப்பிடமாகக் கொண்டிருந்தது. மற்றொரு புறம், அடிமைத்தளையில் உழன்ற ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள் பாடிய 'புளூஸ்' பாடல்கள் இருந்தன. புளூஸ் என்பது பெரும்பாலும் பன்னிரண்டு தாளக்கட்டுக்களுள் அடங்கும் சிறு பாட்டு. முதலடியைப் பாடி, அதனையே மீண்டும் ஒருமுறை பாடி, மூன்றாமடியில் அதற்கு ஒரு விடையோ முத்தாய்ப்போ கூறி முடிப்பது அதன் பழைய முறை. ஜாஸ் என்னும் இசையும் அவ்வூரில் வழங்கியது. இவை அனைத்தும் அவ்விளைஞர் செவியில் புகுந்தன.

அவ்வூர் வாத்தியக்காரர் கையாண்ட தாளநடை 'டல்ஸா ஓசை' எனப் பிற்காலத்தார் பெயரிட்டழைக்கும் சிறப்புடையது. இதனைத் தமிழ் மாணாக்கர்க்கு நம் எழுத்திலக்கணத்தைக் கொண்டே எளிதில் விளக்கலாம். ஒரு தாள அடியை இரு கூறாக்கும்போது, இரண்டும் குறில் போல ஒத்த அளவினவாய் நிற்பது ஒரு நடை. ராக் இசை பெரும்பாலும் இந்நடையது. முதற்கூறு நெடிலாயும் அடுத்தது குறிலாயும் தள்ளாடி வருவது மற்றொரு நடை. பழைய புளூஸ் பெரும்பாலும் இதனைக் கொள்ளும். டல்ஸாக்காரர் வாசிப்பில் முதற்கூறு குறிலுக்கும் நெடிலுக்கும் இடையில் எங்கோ நிற்கும். கேட்போர்க்கு அது விரைவு போலவும் தோன்றும். ஓய்வு போலவும் தோன்றும். கேலின் பாடல்களை 'சோம்பலான பாட்டு' என்று சிலர் சொல்வது இதனாலேயே. என் செவிக்கு அது சோம்பலன்று, அவசரமின்மை.

1960களின் இடையில், டல்ஸாவில் தம்முடன் வாசித்த லியான் ரஸ்ஸல் முதலிய நண்பர்களைப் போலக் கேலும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் சென்றார். ஆங்கே பாடகராயிருந்ததனினும் ஒலிப்பதிவாளராய் உழைத்ததே மிகுதி. ஒலிவாங்கியை எங்கு வைப்பது, ஒலிநாடாவில் எவ்வோசையை ஏற்றி எதனைத் தாழ்த்துவது என்னும் நுட்பங்களை அவர் கைப்பழக்கமாக அறிந்தது அக்காலத்தில்தான். ஜான் என்னும் பெயருடன் வேறொரு கேலும் இசையுலகில் இருந்தமையால், இரவுக்களியாட்டச் சாலை ஒன்றின் உரிமையாளர் இவர்க்கு 'ஜே. ஜே.' என்னும் எழுத்துக்களைச் சூட்டினர் என்பர். அதனை ஜான் ஜாக் எனப் பிரெஞ்சுப் பெயராக விரித்து எழுதியோரும் உண்டு, அது பிழை. 1966இல் 'ஆஃப்டர் மிட்நைட்' என்னும் தம் பாடலை ஒரு சிறு தட்டின் பின்பக்கத்தில் வெளியிட்டார். வாங்குவார் இலர். சில ஆண்டுகளில், கையில் காசில்லாதவராய், டல்ஸாவிற்கே திரும்பினார்.

பின்பு நிகழ்ந்தது கதை போல் இருக்கும். 1970இல் இங்கிலாந்து நாட்டுக் கித்தார் விற்பன்னர் எரிக் கிளாப்டன் தம் முதல் தனித்தொகுப்பில் அப்பாடலைப் பாடினார். அது அமெரிக்க விற்பனை வரிசையில் 18ஆம் இடத்தை அடைந்தது. கேல் தம் பாட்டு வேறொருவர் குரலில் வானொலியில் ஒலிக்கக் கேட்டார். முப்பது வயதைக் கடந்தும் உணவிற்கே முட்டுப்பட்டிருந்த நாள் அது எனவும், அதனால் பெருமகிழ்ச்சி உற்றார் எனவும் பின்னாளில் அவரே கூறியிருக்கின்றார்.

மகிழ்ச்சிக்குக் காரணம் அந்நாட்டுச் சட்டத்தில் உள்ளது. ஒரு பாடல் ஒருமுறை உரியவர் இசைவோடு தட்டில் வெளிவந்துவிட்டால், பிறகு எவர் வேண்டுமாயினும் அதனைப் பாடிப் பதியலாம். ஆனால் விற்கும் ஒவ்வொரு தட்டிற்கும் குறித்த தொகையைப் பாடலின் உரிமையாளருக்குச் செலுத்துதல் வேண்டும். 1909ஆம் ஆண்டுச் சட்டம் அத்தொகையைத் தட்டிற்கு 2 சென்ட் என வகுத்திருந்தது. 1978இல்தான் அது 2.75 சென்டாக உயர்ந்தது. இது பெரும்பாலும் பதிப்பாளருக்கும் பாட்டியற்றியவருக்கும் பாதிபாதியாகப் பிரியும். அன்றியும், அந்நாட்டு வானொலி நிலையங்கள் ஒரு தட்டை ஒலிபரப்பும்போது பாட்டியற்றியவர்க்குப் பொருள் தரும், பாடியவர்க்குத் தரமாட்டா. ஆகவே கிளாப்டன் குரல் வானொலியில் ஒலிக்குந்தோறும் புகழ் கிளாப்டனைச் சேர்ந்தது. வானொலிப் பொருள் கேலைச் சேர்ந்தது. தமக்குச் செல்வம் வேண்டும், புகழ் வேண்டா என்னும் கருத்தைக் கேல் பிற்காலத்தில் பலமுறை வெளியிட்டதுண்டு. அதற்கு வழி செய்தது இச்சட்டமே எனலாம்.

இதன்பின் ஆடி ஆஷ்வொர்த் என்னும் நண்பர் தூண்ட, நாஷ்வில் நகரில் அவர் பதிந்த முதல் தொகுப்பு 'நேச்சுரலி'. 1971இல் ரஸ்ஸல் பங்குகொண்டிருந்த ஷெல்ட்டர் நிறுவனத்தின் வழியாக அது வெளிவந்தது. அதில் 'ஆஃப்டர் மிட்நைட்' மீண்டும் இடம்பெற்றது. ஆனால் 1966ஆம் ஆண்டின் விரைவும் கிளாப்டனுடைய ஆரவாரமும் அதில் இல்லை. உலாவப் போகின்றவன் நடை போல் மெல்லச் செல்கின்றது. 'கால் மீ தி பிரீஸ்' என்னும் பாட்டில் மத்தளக்காரருக்குப் பதிலாக ஒரு மின் தாளப்பொறி தட்டிக்கொண்டிருக்கும். அந்நாளில் இவ்வழக்கம் அரிது. ஆள் வைத்துப் பதியப் பொருள் முடையாயிருந்ததே இதற்குக் காரணம். உயிரற்ற பொறியின் மேல் உயிருள்ள கித்தாரைச் சிறிது முன்னும் பின்னுமாக நெகிழ்த்தி வாசித்தமையால், அந்த முடையே ஓர் அழகாயிற்று.

இனி அவர் குரலைப் பற்றிக் கூறவேண்டும். ஏனைப் பாடகர் தட்டுக்களில் குரல் முன்னிற்கும்; வாத்தியங்கள் அரசனுக்குப் பின்னே செல்லும் ஏவலர் போல் தொடரும். கேலின் தட்டுக்களில் குரல் வாத்தியங்களுக்கிடையே அவற்றுள் ஒன்றாய் அமர்ந்திருக்கும். தம் குரல் சிறந்ததன்று என்பது அவர் கருத்து. ஆதலால் ஒலிநாடாவில் அதனைத் தாழ்த்தி வைத்தார். பல பாடல்களில் ஒரே அடியைத் தாமே பலமுறை பாடி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். விளைவு என்ன? சொற்கள் முதற்கேள்வியில் முழுதும் விளங்கமாட்டா. கேட்பவர் இருக்கையை விட்டுச் சிறிது முன்னே சாய்வர். ஒலிப்பதிவாளராய் இருந்து பழகியவர் இதனை அறியாது செய்திருப்பார் என்று நான் நம்பவில்லை. உரத்துப் பேசுவோரிடமிருந்து நாம் விலகி அமர்கின்றோம். தாழ்ந்து பேசுவோரை நெருங்குகின்றோம். வகுப்பறையிலும் இது காணக்கூடியதே.

அவருடைய கித்தாரும் இத்தகையதே. விலை மலிந்த ஹார்மனி என்னும் கித்தாரின் முதுகுப்பலகையைக் கழற்றிவிட்டு, உள்ளே மின் உறுப்புக்களைத் தாமே பொருத்திக்கொண்டு வாசித்தார். ஓட்டை விழுந்த பெட்டி போல் அது தோன்றும். அதிலிருந்து எழும் ஓசையோ மிகத் தெளிவானது. பத்துச் சுரம் வாசிக்கக்கூடிய இடத்தில் மூன்று சுரங்களை வாசித்து நிறுத்திவிடுவார்.

அத்தொகுப்பிலுள்ள 'கிரேஸி மாமா' 1972இல் விற்பனை வரிசையில் 22ஆம் இடத்தை எட்டியது. அவர் தாமே பாடி அடைந்த மிக உயர்ந்த இடம் அதுவே. அப்பொழுது நாடெங்கும் இளைஞர் பார்த்துவந்த ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தது. தம் குழுவை உடன் கொணர இயலாது என்றும், தட்டு ஒலிக்க வாயசைத்தால் போதும் என்றும் சொன்னார்கள். கேல் மறுத்துவிட்டார். அந்நிகழ்ச்சியிற் தோன்றியிருந்தால் பாட்டு இன்னும் உயர்ந்திருக்கும் என அவரைச் சார்ந்தோர் வருந்தினர். முதல் தொகுப்பின் அட்டையிலும் அவர் முகம் இல்லை. தொப்பி அணிந்த ராக்கூன் என்னும் சிறு விலங்கின் ஓவியமே உண்டு. 1980களில் சில காலம் கலிபோர்னியாவில் ஒரு வண்டிவீட்டில் வசித்தார், தொலைபேசியும் வைத்துக்கொள்ளவில்லை. 1983இல் வெளிவந்த எட்டாம் தொகுப்பு விற்பனையாகாமற் போகவே, ஒப்பந்தத்தினின்று தம்மை விடுவிக்குமாறு தாமே நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டு, பல ஆண்டுகள் தொகுப்பு எதுவும் வெளியிடாதிருந்தார்.

அவர் ஒதுங்கியிருந்த காலத்தும் பாடல்கள் ஒதுங்கியிருக்கவில்லை. 'கால் மீ தி பிரீஸ்' 1974இல் லினர்ட் ஸ்கினர்ட் என்னும் தென்னாட்டுக் குழுவினரிடம் சென்று இடிமுழக்கமாயிற்று; 1988இல் ஜானி கேஷ் அதனைப் பாடினார். 'கிளைட்' என்னும் பாட்டை வேலன் ஜென்னிங்ஸும், 'சென்சிட்டிவ் கைண்ட்' என்பதனைச் சன்டானாவும் எடுத்துக்கொண்டனர். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இத்துணை வகையினர் ஒருவரிடத்துக் கொள்முதல் செய்தது எங்ஙனம்? அவருடைய தட்டுக்கள் முழுதும் பூசி மெழுகிய மாளிகைகள் அல்ல. சுவரும் கூரையும் மட்டும் செவ்வனே நிற்கும் வீடுகள். குடிபுகுவோர் தம் விருப்பம் போல் வண்ணம் தீட்டிக்கொள்ள இடமிருந்தது. பிற பாடகர்க்குக் காட்டும் மாதிரிகளாகவே தாம் பல பாடல்களைப் பதிந்ததாக அவரே ஒப்பியுள்ளார்.

1976ஆம் ஆண்டு 'ட்ரூபடூர்' என்னும் தொகுப்பு வந்தது. ஊர்தோறும் சென்று பாடும் பாணன் என்பது அச்சொல்லின் பொருள். அதிலுள்ள 'கொக்கெய்ன்' என்னும் பாட்டை மறு ஆண்டே கிளாப்டன் பாட, அது உலகெங்கும் பரவிற்று. கொடிய போதைப்பொருள் ஒன்றன் பெயரே தலைப்பாக இருத்தலின், அதனைப் புகழும் பாட்டென்று பலர் கொண்டனர். அதன் உட்பொருள் எச்சரிக்கையே என்பது கிளாப்டன் கூற்று. போதைப் பழக்கத்தால் தாமே துன்புற்று மீண்ட அவர், சில ஆண்டுகள் அதனை மேடையிற் பாடாது விடுத்து, பின்னர் அப்பொருளை இகழும் அடைமொழி ஒன்றைச் சேர்த்துப் பாடலானார். கேலின் தாழ்ந்த குரலில் எள்ளலும் புகழ்ச்சியும் ஒன்றற்கொன்று வேறு தெரியாதபடி நிற்கும். ஆயிரக்கணக்கானோர் கூடிய அரங்கில் அத்தலைப்பைக் கூவும்போது எள்ளல் மறைந்து கூவல் மட்டுமே எஞ்சுகின்றது. உரத்த குரலுக்கு மாறும்போது ஒரு பாட்டு இழப்பதும் உண்டு என்பதற்கு இதுவே சான்று என்பேன்.

பாட்டை அன்றித் தம் நடையையே கேலிடமிருந்து கொண்டோரும் உளர். இங்கிலாந்தின் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுத் தலைவர் மார்க் நாஃப்ளரின் முணுமுணுப்புப் பாட்டிலும், இடைவெளி விட்டு வாசிக்கும் கித்தாரிலும் கேலின் சாயல் வெளிப்படை. நீல் யங் என்னும் பெரும் பாடகர், தாம் கேட்ட மின்கித்தார் வாசிப்போருள் தலைசிறந்தோர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் ஜே. ஜே. கேலுமே என்று கூறியுள்ளார். ஹெண்ட்ரிக்ஸ் பெயருக்கு அருகில் கேல் பெயரைக் கண்டு வியப்போர் இருவரையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்க.

கேலின் பாடல்கள் எல்லாம் ஒன்று போலவே இருக்கின்றன எனக் குறைகூறுவார் உளர். முழுதும் தள்ளத்தக்க குறையன்று அது. எட்டுத் தொகுப்புக்களை ஒரே அமர்வில் கேட்டால் எது எத்தொகுப்பினது என்று மயங்கவே செய்வோம். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட புளூஸ் மரபே, ஒரு சிறு வடிவத்துள் நின்று நுண்ணிய மாற்றங்களால் வாழ்வது. அம்மரபை உண்டாக்கிய கறுப்பு மக்களுட் பலர்க்குச் சட்டம் வகுத்த 2 சென்ட்கூடக் கைக்கு வரவில்லை என்பதையும் ஈண்டு மறத்தலாகாது. கேல் பெற்ற நற்பேறு அவர்க்கு முன் பாடியோர் அனைவரும் பெற்றதன்று.

முதுமையில் நண்பர்கள் அவரைத் தேடி வந்தனர். 2004இல் டல்லஸ் நகரில் கிளாப்டன் கூட்டிய கித்தார் விழாவில் கேல் பாட, கிளாப்டன் உடனிருந்து துணைக்கித்தார் வாசித்தார். 2006இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட 'தி ரோட் டு எஸ்கான்டிடோ' 2008ஆம் ஆண்டில் கிராமி பரிசு பெற்றது. அத்தொகுப்பில் எக்குரல் யாருடையது என்று பிரித்தறிவது பல இடங்களில் அரிது. இத்துணை ஆண்டுகளில் கிளாப்டன் எவ்வளவு கேலாகிவிட்டார் என்பது அங்கே தெரிகின்றது.

2013ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் கலிபோர்னியாவைச் சார்ந்த லா ஹோயாவில் நெஞ்சுநோயால் கேல் காலமானார். அகவை 74. நன்கொடை எதுவும் வேண்டியதில்லை என்றும், விரும்புவோர் தத்தம் ஊரிலுள்ள விலங்குக் காப்பகத்திற்கு ஏதேனும் கொடுக்கலாம் என்றும் அவர்பால் உள்ளோர் அறிவித்தனர். மறு ஆண்டு கிளாப்டன், நாஃப்ளர், டாம் பெட்டி, வில்லி நெல்சன் முதலியோர் கூடி அவர் பாடல்களைப் பாடி ஒரு தொகுப்பு வெளியிட்டனர். அவர் பதிந்து வைத்து வெளியிடாத பாடல்களை மனைவியார் கிறிஸ்டின் லேக்லண்ட் தேடித் தொகுத்து, 2019இல் 'ஸ்டே அரவுண்ட்' என்னும் பெயரால் வெளியிட்டார். அதில் ஒரு பாட்டு மட்டும் கேல் இயற்றியதன்று. அவர்கள் முதன்முதல் சந்தித்த காலத்தில் லேக்லண்ட் அம்மையார் எழுதிய பாட்டு அது, பாடியிருப்பவர் கேல். அதிலும் குரல் வழக்கம் போலவே தாழ்ந்திருக்கின்றது.