முதலாவது உதைபந்தாட்டக் கிண்ணம்

தோற்றவர் வெளியேற, வென்றவர் மேற்செல்லும் முறையில் நடைபெறும் கிண்ணப் போட்டிகள் இன்று உலகெங்கும் உள்ளன. உதைபந்தாட்டத்தில் அம்முறையைத் தேசிய அளவில் முதன்முதல் நடைமுறைப்படுத்தியது இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கமாகும். 1871ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கி 1872ஆம் ஆண்டு மார்ச்சில் நிறைவுற்ற அதன் முதலாவது பருவம், சரியான போட்டி என்பது எவ்வாறு அமைதல் வேண்டும் என்னும் வினாவுக்கும் ஒரு பாடமாய் விளங்குகின்றது.

சங்கம் 1863இல் லண்டன் மாநகரில் நிறுவப்பட்டது. எனினும் அடுத்துவந்த எட்டு ஆண்டுகளிலும் கழகங்கள் தத்தமக்குள் பேசி ஒழுங்குசெய்த ஆட்டங்களையே ஆடிவந்தன. இந்நிலையைச் சங்கத்தின் செயலாளர் சார்ள்ஸ் அல்கொக் மாற்ற விரும்பினார். அவர் கல்வி பயின்ற ஹரோ பாடசாலையில், மாணவர் இல்லங்களுக்கிடையே தோற்றவர் விலகும் முறையில் போட்டி நடத்தும் வழக்கம் இருந்தது. அதனை நாடு தழுவிய போட்டியாக விரிக்கலாம் என்னும் யோசனையை 1871ஆம் ஆண்டு யூலை 20ஆம் திகதி சங்கக் குழுவின் முன் அவர் வைத்தார். குழுவும் இணங்கிற்று. ஏறத்தாழ 20 பவுண் செலவில் சிறியதொரு வெள்ளிக் கிண்ணம் செய்விக்கப்பட்டது.

போட்டியிற் சேர முன்வந்த கழகங்கள் 15. அவற்றுட் பெரும்பாலானவை லண்டனையும் அதன் அயலையும் சேர்ந்தவை. லிங்கன்ஷயரிலிருந்த டொனிங்டன் பாடசாலையும், ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்த குயின்ஸ் பார்க் கழகமுமே தொலைவிலிருந்து வந்தவை. ஆட்டக்காரர் எவரும் ஊதியம் பெறாத காலம் அது. புகையிரதக் கட்டணத்தைக் கழகங்களே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

அன்றைய ஆட்டமும் இன்றைய ஆட்டத்தினின்றும் வேறுபட்டதே. கோல் கம்பங்களின் மேலே குறுக்குச் சட்டத்துக்குப் பதிலாக ஒரு நாடா கட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு கோலுக்குப் பின்னும் இரு அணிகளும் பக்கம் மாறின. தண்ட உதை என்பது அப்போது விதிகளில் இல்லை.

முதலாம் சுற்று 1871ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் திகதி தொடங்கிற்று. எனினும் பெயர் கொடுத்த 15 கழகங்களுள் 12 மாத்திரமே உண்மையிற் களத்தில் இறங்கின. ஓர் ஆட்டம் சமநிலையில் முடிந்தால், அல்லது ஆடுமிடம் பற்றி உடன்பாடு ஏற்படாவிட்டால், இரு கழகங்களையும் அடுத்த சுற்றுக்குச் செல்லவிடும் அதிகாரம் குழுவுக்கு இருந்தது. இதன் விளைவு விந்தையானது. குயின்ஸ் பார்க்கும் டொனிங்டனும் எங்கே சந்திப்பது என்பதில் இணங்காமையால் இரண்டும் மேற்சென்றன; மீண்டும் ஒன்றையொன்று எதிர்கொள்ள நேர்ந்தபோது டொனிங்டன் விலகிற்று. இவ்வாறு கிளாஸ்கோ அணி ஓர் ஆட்டமேனும் ஆடாது அரையிறுதியை அடைந்தது.

அங்கே அதனை எதிர்கொண்டது லண்டனின் வாண்டரர்ஸ் கழகம். அல்கொக் அவர்களே இக்கழகத்தின் தலைவர். வாண்டரர்ஸின் பாதையும் இலகுவானதே. அதன் முதல் எதிரணி போட்டியினின்றும் விலகியது. இரண்டாவதாய் வந்த கிளப்பம் றோவர்ஸை அது வென்றது. மூன்றாவதான கிறிஸ்டல் பலஸுடன் சமநிலை கண்டது.

அரையிறுதிகள் லண்டன் கெனிங்டன் ஓவல் மைதானத்தில் நடைபெற வேண்டும் என்பது ஏற்பாடு. ஏறத்தாழ 400 மைல் தூரத்தைக் கடந்து, பொதுமக்கள் உவந்தளித்த பணத்தைக் கொண்டு, குயின்ஸ் பார்க் அணியினர் 1872 மார்ச் மாதத் தொடக்கத்தில் அங்கு வந்து சேர்ந்தனர். ஆட்டம் கோலின்றிச் சமநிலையில் முடிந்தது. மீண்டும் ஆடவேண்டும் என்பது முடிவு. லண்டனிற் தங்கவோ, ஊர் சென்று திரும்பி வரவோ அவர்களிடம் பணம் இருக்கவில்லை. தோல்வி எதுவும் அடையாத அணி, போட்டியை விட்டு விலகி ஊர் திரும்பிற்று.

இறுதியாட்டம் மார்ச் 16ஆம் திகதி ஓவல் மைதானத்தில் நடைபெற்றது. ஒரு சிலிங் கட்டணஞ் செலுத்தி ஏறத்தாழ 2,000 பேர் வந்திருந்தனர். வாண்டரர்ஸை எதிர்த்து ஆடியவர்கள் சதாம் நகரில் நிலைகொண்டிருந்த இராணுவ அணியாகிய றோயல் எஞ்சினியர்ஸ். கப்டன் மரிண்டின் தலைமையில், பந்தை ஒருவருக்கொருவர் வழங்கி ஆடுவதிற் பெயர்பெற்ற அவ்வணியே வெல்லும் எனப் பலர் எதிர்பார்த்தனர். ஆட்டந் தொடங்கிச் சிறிது நேரத்தில் அதன் வீரரான லெப்டினன்ட் கிறெஸ்வெல்லின் காறை எலும்பு முறிந்தது. மாற்று வீரரை இறக்கும் வழக்கம் அன்று இல்லாமையால் அவர் வலியுடன் களத்திலேயே நின்றார். வாண்டரர்ஸின் மோர்ட்டன் பெட்ஸ் அடித்த ஒரே கோல் வெற்றியைத் தீர்மானித்தது. பெட்ஸ் தம் பெயரை மறைத்து, ‘ஏ. எச். செக்கர்’ என்னும் புனைபெயருடன் ஆடினார். போட்டியின் தொடக்கத்திலேயே விலகிக்கொண்ட ஹரோ செக்கர்ஸ் என்னும் கழகத்தின் பெயரே அதில் ஒளிந்திருந்தது.

ஆகவே, கிண்ணத்தை வென்ற கழகம் முழுப் பருவத்திலும் களத்திற் பெற்ற வெற்றிகள் இரண்டே. இதனால் வாண்டரர்ஸின் திறமை குறைந்ததென்று கொள்ளலாகாது. முதல் ஏழு ஆண்டுகளில் ஐந்து முறை அக்கிண்ணம் அவர்களுக்கே கிடைத்தது. ஆனால் வாண்டரர்ஸா குயின்ஸ் பார்க்கா சிறந்தது என்பதை அவ்வாண்டிற் களம் தீர்க்கவில்லை, பணப்பையே தீர்த்தது. ஒரே தோல்வியுடன் வெளியேற்றும் போட்டி கடுமையானது; அக்கடுமை எல்லோருக்கும் ஒரே அளவினதாய் இருந்தாலன்றி அது நீதியாகாது.

கிளாஸ்கோ அணியின் முயற்சி வீண்போகவுமில்லை. அவ்வாண்டு நவம்பர் 30ஆம் திகதி கிளாஸ்கோவில் ஸ்கொத்லாந்தும் இங்கிலாந்தும் சந்தித்த முதலாவது சர்வதேச ஆட்டத்தில், ஸ்கொத்லாந்தின் 11 வீரரும் குயின்ஸ் பார்க் அணியினரே. 1873இல் அந்நாட்டுச் சங்கம் உருவாக அக்கழகமே முன்னின்றது. 1874இல் அந்நாட்டின் முதற் கிண்ணத்தையும் வென்றது.

சமநிலை கண்ட அணிகள் மீண்டும் ஆடும் வழக்கம் இங்கிலாந்துக் கிண்ணத்தில் நெடுங்காலம் நிலைத்தது. 2024–25 பருவந் தொடக்கம் அதன் பிரதான சுற்றுகளில் அது கைவிடப்பட்டு, மேலதிக நேரமும் தண்ட உதைகளும் அன்றைய தினமே முடிவு காண்கின்றன. இரண்டாம் பயணத்துக்குப் பணமின்றி ஊர் திரும்பிய அந்தக் கிளாஸ்கோ இளைஞருக்கு இவ்விதி 1872இல் இருந்திருப்பின், கிண்ணத்தின் முதற் பெயர் வேறாகவும் இருந்திருக்கலாம்.