அசையும் ஸ்லைடு – 9: கண்ணுக்குத் தெரியாத நிலா

ஸ்லைடில் எதையும் அசைப்பதற்கு முன் அதை உரிய இடத்தில் நிறுத்த வேண்டும். நிறமும் எழுத்தளவும் சென்ற வாரத்தோடு முடிந்தன. இனி இடம், அடுக்கு, அசைவு.

1987-இல் மெக்கின்டாஷ் கணினிக்கு வந்த முதல் பவர்பாயிண்டில் அசைவே கிடையாது. ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைக்கும் தாள்களைக் கறுப்பு வெள்ளையில் தயாரிக்க உதவிய மென்பொருள் அது. வரைந்த பாதையில் ஒரு படத்தை நகர்த்தும் ‘மோஷன் பாத்’ 2002 பதிப்பில்தான் சேர்ந்தது. அதைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தப் பாடத்தில் உண்மையிலேயே நகர்வது எது?

சூரிய கிரகணத்தில் விடை தெளிவு. 2019 டிசம்பர் 26 காலை கோவை, திண்டுக்கல், திருச்சி, யாழ்ப்பாணம் எனப் பல ஊர்களில் கங்கண கிரகணம் தெரிந்தது. நிலவின் விட்டம் அன்று சூரியனுடையதில் ஏறத்தாழ 97 சதவீதமாகத் தோன்றியது. ஆகவே ஸ்லைடில் சூரியன் 10 செ.மீ. என்றால் நிலா 9.7 செ.மீ. கண்மதிப்பில் இழுத்து வரையாமல், அளவுக் கட்டங்களில் இந்த எண்களையே தட்ட வேண்டும். பிறகு இரண்டு வட்டங்களையும் தேர்ந்தெடுத்து ‘அலைன் சென்டர்’, ‘அலைன் மிடில்’ இரண்டையும் கொடுத்தால் சுற்றிலும் 1.5 மி.மீ. வளையம் ஒரே சீராக மிஞ்சும். அன்று வானத்தில் இருந்த அதே விகிதம்.

நிலாவுக்கு என்ன நிறம்? கறுப்பு என்றுதான் கை போகும். ஆனால் கிரகண நாளில் சூரியனுக்கு வெளியே இருக்கும் நிலா கண்ணில் படுவதே இல்லை. சூரியனில் விழும் கடி மட்டுமே தெரியும். ஸ்லைடின் பின்னணியை ஒரே அடர்நீலமாக வைத்து, நிலாவுக்கும் அதே நீலத்தைக் கொடுத்து, விளிம்புக் கோட்டை நீக்கிவிட்டால் திரையிலும் அப்படியே நடக்கும். வகுப்பின் கண்ணுக்கு எதுவும் நகர்ந்து வருவதில்லை; சூரியன் தானாகத் தேய்கிறது. அனிமேஷன் இதைவிட நேர்மையாக ஒரு பாடத்துக்கு உதவ முடியாது. பின்னணியில் கிரேடியன்ட் மட்டும் கூடாது. நிலா உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுக்கு வரிசையில் நிலா சூரியனுக்கு மேலே இருக்க வேண்டும். ‘பிரிங் டு ஃப்ரண்ட்’ போதும். பின்னணியில் கரைந்துவிட்ட வட்டத்தை மவுஸால் தேடிப் பிடிப்பது சிரமம். ஆல்ட் விசையுடன் எஃப்10 அழுத்தினால் செலக்‌ஷன் பேன் திறக்கும். அங்கே அதற்கு ‘நிலா’ என்றே பெயரிட்டுவிடலாம்.

இனி அசைவு. நிலா சூரியனைக் கடப்பது மேற்கிலிருந்து கிழக்காக. தெற்கு நோக்கி நிற்பவருக்கு அது வலமிருந்து இடம். எனவே நிலாவை வலப்பக்கம் 9.85 செ.மீ. தள்ளினால் இரு வட்டங்களும் தொட்டபடி நிற்கும். 33.87 செ.மீ. அகலமுள்ள இன்றைய ஸ்லைடில் அதற்குத் தாராளமாக இடம் உண்டு. மோஷன் பாத்தின் முடிவுப் புள்ளியை இழுக்கும்போது கூடவே வரும் மங்கலான நிழலுரு, சூரியன் மேல் வளையமாக அமரும் இடத்தில் விட வேண்டும்.

மோஷன் பாத் தானாகவே மெல்லக் கிளம்பி மெல்ல நிற்கும். பந்துக்கும் பேருந்துக்கும் அது பொருந்தும். நிலா பிரேக் போடுவதில்லை. ‘ஸ்மூத் ஸ்டார்ட்’, ‘ஸ்மூத் எண்ட்’ இரண்டையும் பூஜ்யமாக்க வேண்டும்.

அன்று முழு நிகழ்வும் ஏறத்தாழ 3 மணி நேரம். வளையம் தெரிந்தது சுமார் 3 நிமிடம். இதை 20 விநாடியாகச் சுருக்கினால் வளையத்துக்குக் கிடைப்பது ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எனவே தலா 10 விநாடியில் இரண்டு பாதைகள். வளையத்தில் நின்று, விளக்கி முடித்ததும் அடுத்த கிளிக். இங்கே ஒரு சிக்கல்: இரண்டாவது பாதையும் நிலாவின் பழைய இடத்திலிருந்தே தொடங்கும். அதன் தொடக்கப் புள்ளியை முதல் பாதையின் முடிவுக்குக் கொண்டுவராவிட்டால் நிலா வலப்பக்கம் திரும்பத் தாவிவிடும்.

இந்த வாரத்துக்கு என்று சொல்லியிருந்த ‘மார்ஃப்’, இரண்டு ஸ்லைடுகளுக்கு இடையிலான மாற்றத்தைத் தானே அசைவாக்கிவிடும். வேகத்தை இப்படிச் சீராக்க அதில் வழியில்லை என்பதால் கிரகணத்துக்கு மோஷன் பாத்தே சரி. மார்ஃப் அடுத்த வாரம், இதே நிலாவிலிருந்து தொடங்கும். வாசகர்கள் அதற்குள் இந்த ஒரு ஸ்லைடைச் செய்து வைத்திருக்கட்டும்.