பசுவின் வேட்கையும் ஓமோன்களும்: ஆண்டுக்கொரு கன்று பெறும் வழி

நெல்வயலும் காய்கறித் தோட்டமும் செய்யும் கமக்காரர் பலர் ஒன்றிரண்டு பசுக்களையும் வளர்த்து வருகின்றனர். வீட்டுக்குப் பாலும், தோட்டத்துக்கு எருவும், வளர்க்கவோ விற்கவோ ஒரு கன்றும் பசுவினாற் கிடைக்கின்றன. ஆயினும் ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையில் ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு எனக் காலம் கழிந்துபோவதைப் பல கொட்டில்களிற் காணலாம். அத்தகைய பசுவை மலடு என்று முடிவுசெய்து குறைந்த விலைக்கு விற்றுவிடுவோரும் உளர். ஆனால் அப்பசு மெய்யாகவே மலடாயிருப்பது அரிது. அதன் வேட்கை நாள் கவனிக்கப்படாமற் போயிருக்கும். அல்லது வேட்கை தோன்றுவதற்கு வேண்டிய உடல்வளம் அதற்கு இல்லாதிருக்கும். இவ்விரண்டையும் திருத்துவது கமக்காரரின் கையிலேயே உள்ளது.

கணக்கைப் பாருங்கள்

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள்கள். ஆண்டுக்கு 365 நாள்கள். எனவே ஆண்டுக்கொரு கன்று வேண்டுமாயின், கன்று ஈன்று 85 நாள்களுக்குள் பசு மீண்டும் சினைப்பட்டாக வேண்டும். தை மாதம் முதலாந் திகதி கன்று ஈன்ற பசு பங்குனி 26 ஆந் திகதி சினைப்பட்டால், மார்கழி இறுதியில் மறுபடியும் கன்று ஈனும்.

வேட்கை 21 நாள்களுக்கு ஒருமுறையே வருகிறது. சில பசுக்களில் இது 18 நாளாகவும் சிலவற்றில் 24 நாளாகவும் இருக்கலாம். ஒரு வேட்கையைத் தவறவிட்டால் மூன்று வாரம் போயிற்று. நாற்று நடுகையிலும் அரிவு வெட்டிலும் ஈடுபட்டிருக்கையில் மூன்று வேட்கைகளைத் தவறவிட்டால் 63 நாள்கள் போயின. மார்கழியிற் பிறக்கவேண்டிய கன்று அடுத்த பங்குனியிலேயே பிறக்கும். நாளொன்றுக்கு 4 போத்தல் பால் தரும் பசுவாயின், அந்த 63 நாள்களில் 252 போத்தல் புதுப்பால் கைக்கு வராமற் பின்தள்ளப்படுகிறது. அதுவரை பால் வற்றிய பசுவுக்குத் தீனி கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

உடலினுள் நிகழ்வது யாது?

வேட்கை தற்செயலாக வருவதன்று. ஓமோன்கள் எனப்படும் பொருள்கள் இரத்தத்தோடு சென்று ஓர் உறுப்பின் கட்டளையை மற்றோர் உறுப்புக்கு எடுத்துரைக்கின்றன. வாய்க்கால் வழியே முறைவைத்து நீர் பாய்ச்சுவது போல, ஒன்றன்பின் ஒன்றாக இவை தம் வேலையைச் செய்கின்றன.

மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியிலிருந்து வரும் ஓமோன்கள் சூலகத்தைத் தூண்டுகின்றன. சூலகத்தில் நீர்க்கொப்புளம் போன்ற புடைப்பு ஒன்று வளர்கிறது. அதனுள்ளேயே முட்டை இருக்கிறது. வளரும் புடைப்பு ஈஸ்திரோசன் என்னும் ஓமோனைச் சுரக்கிறது. இது இரத்தத்தில் மிகும்போதே பசு கத்துகிறது, அமைதியின்றி அலைகிறது, கருப்பைக் கழுத்திலிருந்து தெளிந்த வழும்பு வடிகிறது. இதுவே வேட்கையாகும்.

ஈஸ்திரோசன் உச்சத்தை அடைந்ததும் கபச்சுரப்பி மற்றோர் ஓமோனைப் பெருக்காக வெளிவிடும். அதனாற் புடைப்பு வெடித்து முட்டை வெளிவருகிறது. வெடித்த இடத்தில் மஞ்சட் சடலம் என்னும் திசு வளர்ந்து புரோசெஸ்தரோன் என்னும் ஓமோனைச் சுரக்கிறது. கருப்பையைக் கருவுக்கு ஏற்றதாக அமைதிப்படுத்துவதும், வேறு வேட்கை வராமற் தடுப்பதும் இதன் வேலை.

பசு சினைப்பட்டிருந்தால், இளங்கரு தான் இருப்பதை ஒரு புரதத்தின் மூலம் தாயின் கருப்பைக்கு அறிவிக்கும். மஞ்சட் சடலம் நிலைத்திருக்கும். கரு இல்லையாயின், 16 அல்லது 17 ஆம் நாளளவில் கருப்பை புரொஸ்தகிளாண்டின் என்னும் பொருளை வெளிவிட்டு மஞ்சட் சடலத்தை அழித்துவிடும். புரோசெஸ்தரோன் குறைந்ததும் புதிய புடைப்பு முதிர்ந்து வேட்கை திரும்பும். 21 நாட் கணக்கின் காரணம் இதுவே.

வேட்கையை அறிதல்

மற்றொரு மாடு தன்மீது ஏறும்போது விலகாமல் அசையாது நிற்பதே வேட்கையின் ஐயமற்ற அறிகுறி. மற்றவற்றின்மீது தான் ஏறும் பசு வேட்கையை அடுத்திருக்கலாம். ஆனால் அதனை மட்டும் கொண்டு முடிவுசெய்தல் கூடாது.

கொட்டிலிற் தனியே கட்டி வளர்க்கப்படும் பசுவுக்கு ஏறுவதற்குத் துணை இல்லை. அதனிடம் பின்வருவனவற்றைப் பார்க்க வேண்டும்: அடிக்கடி கத்துதல், தீனியிற் கவனமின்மை, பால் திடீரெனக் குறைதல், அடிக்கடி சிறிது சிறிதாகச் சிறுநீர் கழித்தல், யோனித் துவாரம் தடித்துச் சிவந்திருத்தல், கண்ணாடி போன்ற தெளிந்த வழும்பு கயிறுபோல் தொங்குதல் அல்லது வாலில் ஒட்டி உலர்ந்திருத்தல். அயலவர் ஒருவரின் பசுவோடு காலையும் மாலையும் சிறிது நேரம் அவிழ்த்து விட்டால் உண்மை எளிதில் வெளிப்படும்.

வேட்கை நெடுநேரம் நிற்பதில்லை. ஐரோப்பிய இனப் பசுக்களில் 12 முதல் 18 மணி நேரம் வரை நிற்கும். நாட்டு மாடுகளிலும் இந்திய இனக் கலப்பு மாடுகளிலும் இது இன்னும் குறுகியது; அறிகுறிகளும் மெல்லியவை; பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ தோன்றும். ஆகையால் விடியற்காலையிற் பால் கறக்குமுன் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, இரவு படுக்கைக்குச் செல்லுமுன் ஒருமுறை, ஒவ்வொரு முறையும் இருபது நிமிடமாவது பசுவை அமைதியாக நின்று பார்த்தல் நன்று. வயல் வேலை மிகுந்த நாள்களில் இப்பொறுப்பை வீட்டிலுள்ள ஒருவரிடம் ஒப்படைக்கவேண்டும்.

சினைப்படுத்தும் நேரம்

வேட்கை தொடங்கி ஏறக்குறைய 24 முதல் 32 மணி நேரத்தின் பின்னரே முட்டை வெளிவருகிறது. வெளிவந்த முட்டை சில மணி நேரமே கருக்கட்டத் தக்கதாயிருக்கும். விந்துக்களோ பசுவின் உடலினுட் சென்று பக்குவப்பட ஆறு மணி நேரமளவு வேண்டும். எனவே முட்டை வருமுன்னரே விந்து சென்று காத்திருத்தல் அவசியம். மிக முந்தினால் விந்து வலுவிழக்கும். பிந்தினால் முட்டை அழிந்துவிடும்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 1940 களில் நடத்தப்பட்ட ஆராய்ச்சிகளின் பயனாக எளிய விதியொன்று வழக்கிற்கு வந்தது. காலையில் வேட்கை கண்ட பசுவை அன்று மாலையிலும், மாலையிற் கண்ட பசுவை மறுநாட் காலையிலும் சினைப்படுத்தவேண்டும் என்பதே அது. செயற்கை முறைச் சினைப்படுத்தலில் இவ்விதி மேலும் முக்கியமானது. ஏனெனில், திரவ நைதரசனில் சதம அளவைப்படி பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகையில் உறையவைத்துக் கொண்டுவரப்படும் விந்து, உருகியபின் புதிய விந்தைப் போல் நெடுநேரம் வாழ்வதில்லை. அறிகுறி கண்டவுடனேயே, எத்தனை மணிக்குக் கண்டீர்கள் என்பதையுஞ் சேர்த்துக் கால்நடை வைத்தியப் பணிமனைக்குத் தெரிவித்தல் வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று இருந்துவிட்டால் மூன்று வாரம் இழக்க நேரிடும்.

இரத்தக் கசிவு கண்டால்

வேட்கை முடிந்து ஒன்று முதல் மூன்று நாள்களில் சில பசுக்களிலும், குறிப்பாக நாகுகளிலும், சிறிதளவு இரத்தம் கசிவதுண்டு. சினைப்படுத்தியது வீணாயிற்று என்று இதனைக் கண்டு சிலர் மனஞ் சோர்கின்றனர். அது தவறு. ஈஸ்திரோசன் குறைவதனால் உண்டாகும் இக்கசிவு, சினை பிடித்ததையும் காட்டாது, பிடிக்காததையும் காட்டாது; வேட்கை கழிந்தது என்பதை மட்டுமே காட்டும். வேட்கையைக் காணாமலே கசிவை மட்டும் கண்டால், அப்பொழுது சினைப்படுத்துவதிற் பயனில்லை. அத்திகதியைக் குறித்துவைத்து, 16 ஆம் நாள் முதல் பசுவை உன்னிப்பாகக் கவனித்தால் அடுத்த வேட்கை தப்பாது.

வேட்கை வராத பசு

கன்று ஈன்று இரண்டு மாதமாகியும் வேட்கை தோன்றாத பசுவை முதலில் விலாவிலும் இடுப்பிலும் பாருங்கள். எலும்பு தெரிய மெலிந்திருந்தால் காரணம் தீனியே. உடல் தன்னைக் காப்பதற்கே போதாத நிலையில், மூளை சூலகத்தைத் தூண்டும் ஓமோனைக் குறைத்துக்கொள்ளும். வரண்ட வலயத்திற் புல் காய்ந்து வெறும் வைக்கோலை உண்ணும் மாதங்களில் இது பெரிதும் நிகழ்கிறது. வைக்கோலிற் புரதம் மிகக் குறைவு. வேலியோரத்து சீமைக்கிளுவை, இபில் இபில், அகத்தி ஆகியவற்றின் தழையோடு, தவிடும் புண்ணாக்கும் தாதுப்பொருட் கலவையும் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும். கன்று ஈனுவதற்கு முந்திய இரண்டு மாதத் தீனியே ஈன்றபின் வரும் வேட்கைக்கு அத்திவாரமாகும்.

கன்று எந்நேரமும் தாயோடு நின்று பாலருந்துவதும் சூலகத்தின் வேலையைப் பிற்படுத்தும். கறக்கும் வேளைகளில் மட்டும் கன்றை ஊட்டவிட்டு, மற்ற நேரங்களிற் தாயின் கண்ணுக்கெட்டாத இடத்திற் கட்டுவது நன்று. இளங்கொடி உரிய நேரத்தில் விழாத பசுவையும், வழும்பு சீழாகவோ நாற்றத்துடனோ வடியும் பசுவையும் தாமதியாது வைத்தியரிடம் காட்டவேண்டும்.

ஓமோன் ஊசி பற்றி

வேட்கையை வரவழைக்கும் ஊசிகள் இன்று உள. அவற்றுட் பெரிதும் வழங்குவது புரொஸ்தகிளாண்டின். இது மஞ்சட் சடலத்தை அழித்து, இரண்டு முதல் ஐந்து நாள்களில் வேட்கையை உண்டாக்கும். ஆனால் மஞ்சட் சடலம் இல்லாத மெலிந்த பசுவுக்கு இவ்வூசியாற் பயனில்லை. சினைப்பட்ட பசுவுக்குப் போட்டாலோ கரு சிதைந்துவிடும். ஆகையால் வைத்தியர் பரிசோதித்த பின்னரன்றி இதனைப் பயன்படுத்தலாகாது. மருந்து தோலின் வழியாகவும் உடலிற் சேரும். கர்ப்பவதிகளும் தொய்வு நோயுடையோரும் இதனைத் தொடுதல் ஆகாது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. கன்று ஈன்ற திகதி, வேட்கைத் திகதி, சினைப்படுத்திய திகதி ஆகியவற்றைக் கொப்பியிலோ கொட்டிற் சுவரிலோ எழுதி வையுங்கள்.

2. பசுவை நாளொன்றுக்கு மூன்று முறை நின்று கவனியுங்கள்.

3. காலையிற் கண்டால் மாலை. மாலையிற் கண்டால் மறுநாட் காலை.

4. சினைப்படுத்திய 18 ஆம் நாள் முதல் 24 ஆம் நாள் வரை மீண்டும் கவனியுங்கள். வேட்கை திரும்பாவிட்டாலும், மூன்று மாதத்துக்குள் வைத்தியரைக்கொண்டு சினையை உறுதிசெய்யுங்கள்.

5. சினைப்பட்ட பசுக்களிற் சில வேட்கை காட்டுவதுண்டு. எனவே சினைப்படுத்த வருபவரிடம் முந்திய திகதியைத் தவறாது கூறுங்கள்.

6. ஊசியை நாடுமுன் தீனியைத் திருத்துங்கள்.

நெல்லுக்கு நாற்று நடும் நாளையும், மிளகாய்க்கு நீர் பாய்ச்சும் நாளையும் கணக்கு வைக்கும் கமக்காரருக்குப் பசுவின் 21 நாட் கணக்குப் பெரும் பாரமாகாது. அக்கணக்கைப் பேணுபவரின் கொட்டிலிற் பாலும் கன்றும் குறைவதில்லை. அவரது தோட்டத்திற்கு எருவும் குறைவதில்லை.