கித்தாப் பாலின் விலையும் ஒரு கல்வித் துறையும்

கெடா மாநிலத்துச் சிந்தோக்கில் உள்ளதும் 1984ஆம் ஆண்டு நிறுவப்பெற்றதுமான உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகம், பன்னாட்டு உறவுகளில் முதுகலைக் கல்வியும் அளித்து வருகிறது. இவ்வகைக் கல்வியின் கிளைகளுள் ஒன்று பன்னாட்டு அரசியற் பொருளியல். பெயரைக் கேட்டு மலைப்போர் உண்டு. ஆனால் பீடோங், சுங்கைப்பட்டாணி, கூலிம் வட்டாரங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்தோரின் மக்களுக்கு அது வீட்டுக் கதையேயாகும்.

பொருளியலார் சந்தையை ஆராய்வர். அரசியல் நூலார் அரசுகளை ஆராய்வர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் பாராது நடக்கின்றனர் என்று 1970இல் சூசன் ஸ்திரேஞ்ச் என்னும் ஆங்கில அறிஞர் எடுத்துக் காட்டினார். விலை, வாங்குவோரும் விற்போரும் மட்டுமே கூடி முடிவு செய்வதன்று. அதில் அரசுகளின் கையும் உண்டு. அக்கை யாரை வாழ்விக்கிறது, யாரை வருத்துகிறது என்பதே இத்துறையின் வினா.

கித்தாவையே எடுத்துக்கொள்வோம். முதல் உலகப் போருக்குப் பின் அதன் விலை வீழ்ந்தது. 1922 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு, ஸ்டீவன்சன் திட்டத்தின்படி, மலாயா, இலங்கை ஆகியவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திற்று. 1925இல் விலை இராத்தலுக்கு நான்கு ஷில்லிங்கையும் கடந்தது. பெருவாரியாகக் கித்தா வாங்கிய அமெரிக்கா சினங்கொண்டது. பயர்ஸ்டோன் நிறுவனம் லைபீரியாவிலும், ஹென்றி போர்டு பிரேசில் காட்டிலும் தோட்டம் போடப் புறப்பட்டனர். ஆயினும் திட்டத்தைப் பெரிதும் குலைத்தவர் அவர்கள் அல்லர். கட்டுப்பாட்டில் சேராத டச்சு இந்தியத் தீவுகளின் சிறு குடியானவர்களே! 1928 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. குடிசை ஓரத்து மரங்கள் ஒரு பேரரசின் கணக்கைப் புரட்டிய இச்செய்தியைப் படிக்குந்தோறும் வியப்பே தோன்றுகிறது.

அடுத்து வந்த உலகப் பெருமந்தத்தில், 1932இல், விலை இரண்டு பென்சுக்கும் கீழே இறங்கிற்று. தோட்டக் கூலி ஏறத்தாழப் பாதியாயிற்று. வேலையிழந்த தமிழர் பல்லாயிரவர் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேற்றப்பட்டனர். 1934இல் பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ், இந்தியா, சயாம் ஆகியவை மீண்டும் ஒரு கட்டுப்பாட்டு உடன்படிக்கை செய்துகொண்டன. அந்த மேசையில் பால்வெட்டுவோர்க்கு இடமில்லை.

அரசின் கை எப்போதும் முதலாளி பக்கமே நின்றது என்றும் சொல்லிவிட முடியாது. 1938இல் தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைத்தபோது, இந்திய அரசு அவ்வாண்டு ஜூன் மாதம், வழிச்செலவு கொடுத்து ஆள் அழைத்துச் செல்வதையே தடை செய்தது. ஆள் வரத்து நின்றது.

கித்தாக் காடுகள் பல இன்று செம்பனைக் காடுகள். கூலிமில் 1996இல் திறக்கப்பெற்ற உயர் தொழில்நுட்பப் பூங்காவில் பன்னாட்டு நிறுவனங்கள் மின்னணுச் சில்லுகள் செய்கின்றன. அவற்றின் விலையும் கூலிமில் முடிவாவதில்லை.

ஆய்வுக்குப் பொருள் தேடும் மாணவர், தோட்டத்துப் பழைய செக்ரோல் ஏடுகளை அக்காலத்து இலண்டன் விலைப் பட்டியலோடு வைத்துப் பார்க்கலாம். எந்த மாதம் விலை இறங்கிற்று, எத்தனை மாதம் கழித்துப் பேர் நீக்கப்பட்டது என்பது வரிவரியாகத் தெரியும். தோட்டங்கள் கைமாறி, லயங்கள் இடிக்கப்பட்டு வருகின்றன. கிராணி அறையில் ஏடு எஞ்சியிருக்குமாயின் இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.