தோட்டத்துக் குட்டிப் பாம்புகள்: எது நஞ்சு?

மலாக்காவில் ஜாசின், அலோர் காஜா பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் எலிக்குப் பஞ்சமில்லை. எலியைத் தேடி நாகம் வரும். நாகத்தைத் தின்ன ராஜநாகம் வரும். வெட்டிக் குவித்த ஓலைகளுக்கு அடியில் அவற்றின் குட்டிகளும் பதுங்கும். பல இனங்களில் குட்டியின் நிறம் வேறு, வளர்ந்த பாம்பின் நிறம் வேறு என்பதால் குட்டியை இனம் காண்பதே கடினம்.

இங்குள்ள துப்பும் நாகம் வளர்ந்தால் பெரும்பாலும் முழுக் கருப்பு. குட்டிக்கோ தொண்டையிலும் தலையோரத்திலும் வெளிர் நிறம், முதுகில் மெல்லிய வெளிர்க் கோடுகள். ‘இது நாகமில்லை’ என்று விளக்குமாற்றால் தள்ளப் போனால் அது படமெடுக்கும்.

மலாய்க்காரர்கள் தெடுங் செலார் என்னும் ராஜநாகத்தின் குட்டி, முட்டையை விட்டு வரும்போதே ஏறத்தாழ அரை மீட்டர் இருக்கும். கருப்பு உடலில் வெளிர் மஞ்சள் பட்டைகள் அம்புமுனைபோல் வளைந்து கிடக்கும். தலையிலும் குறுக்குப் பட்டைகள் உண்டு. 2024இல் ராஜநாகம் நான்கு இனங்களாகப் பிரிக்கப்பட்டது. தீபகற்பத்தில் இருப்பது சுந்தா ராஜநாகம். கருப்பு மஞ்சளில் திரியும் சதுப்புப் பூனைப்பாம்பு, ராஜநாகக் குட்டியோ என்று குழப்பும். அதன் உதடு மஞ்சள், உச்சந்தலை வெறும் கருப்பு, கண்பாவை நெடுக்குக் கீற்று. ராஜநாகத்துக்குக் கண்பாவை வட்டம்.

பினாங்கு பாம்புக் கோயிலில் பலர் பார்த்திருக்கும் காப்பாக் தோகோங் என்ற குழிவிரியனின் கதை இன்னும் விசித்திரம். குட்டிகள் எல்லாம் பச்சை. மேலே வெள்ளையும் சிவப்புமான புள்ளிகள். ஆண் வாழ்நாள் முழுதும் அப்படியே இருக்கும். பெண் வளர வளரக் கருப்பேறி மஞ்சள் பட்டை கொள்ளும். தெரியாதவர் இரண்டையும் இரு வேறு பாம்பு என்றே சொல்வார்.

கட்டுவிரியன் குட்டிக்குத் தாயைப் போலவே பட்டைகள் உண்டு. அதே வேடத்தில் நஞ்சில்லாத ஓநாய்ப்பாம்புக் குட்டியும் வரும். கட்டுவிரியனின் நடுமுதுகுச் செதில்கள் பெரியவை, அறுகோணமானவை. ஆனால் அந்த வரிசையைக் குனிந்து பார்க்குமளவு கிட்டே போவது அறிவுடைமையாகாது. நீலப் பவளப்பாம்புக்குத் தலை, வால், அடிவயிறு மூன்றும் சிவப்பு. அதைப் போலத் தோன்றும் நாணற்பாம்புக்குத் தலை மட்டும் சிவந்திருக்கும், வயிறு வெளிறியது.

முக்கோணத் தலை என்றால் நஞ்சு என்ற பழைய கணக்கு இங்கே உதவாது. நாகம், கட்டுவிரியன், பவளப்பாம்பு எதற்கும் தலை முக்கோணமில்லை. மிரண்ட பூனைப்பாம்பு தலையைத் தட்டையாக்கி அப்படிக் காட்டும்.

குட்டிக்கு விஷத்தை அடக்கத் தெரியாது, அதனால் அதுவே ஆபத்தானது என்பார்கள். அதற்கு உறுதியான ஆதாரமில்லை. பெரிய பாம்பு செலுத்தும் நஞ்சே அதிகம். ஆனாலும் குட்டி பிறக்கும்போதே பல்லும் நஞ்சுமாகத்தான் பிறக்கிறது.

கடிபட்டால் தொலைவிலிருந்து கைப்பேசியில் எடுத்த படமே போதும். பாம்பை அடித்துத் தூக்கிவரத் தேவையில்லை. வெட்டுண்ட தலையும் கடிக்கும். நாகம், ராஜநாகம், கட்டுவிரியன் ஆகியவற்றுக்கு பாங்காக்கில் தயாராகும் விஷமுறி மருந்துகள் தனித்தனி. குட்டி கடித்தாலும் மருந்து அதேதான். பவளப்பாம்புக்குத் தனி மருந்து கிடையாது. மூச்சுத் தடைபட்டால் செயற்கைச் சுவாசம் கொடுத்தே காப்பாற்ற வேண்டும்.